வரப்போரத்து மூன்று கதிர்கள்

அமைச்சர் முதல் சீட்டை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்தபோது சட்டசபைக் கடிகாரத்தில் மணி பதினொன்று முப்பத்திரண்டு. மொத்தம் பதினொரு சீட்டுகள். எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை, ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் நேற்று மாலை ஐந்தரை மணிக்குப் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டு அனுப்பிவைத்தவரே வேளாண்மை இயக்குநர் கோமதிநாயகம்தான், ஆனாலும் அதிகாரிகள் வரிசையில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அமைச்சரின் கைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த காகித ஓரங்களை அவர் மறுபடியும் எண்ணினார். பதினொன்று. வெள்ளச் சேதத்தைப் பற்றிப் பதினொரு உறுப்பினர்கள் இரண்டு நாளாகப் பேசி முடித்திருந்தார்கள். ஆளுக்கொரு பதில் சீட்டு, பேசிய வரிசையிலேயே. ஏழாவது சீட்டு ஆலங்கரை உறுப்பினர் பரஞ்சோதிக்கு. அதில் ஐந்து வாக்கியங்கள். ஆலங்கரை வட்டாரத்தில் நெல் சாகுபடி நடந்திருக்கிறது. பரப்பு 4,312 எக்டேர். நீர் வடிந்தபின் பயிர் முழுவதும் தெளிந்துவிட்டது. இயக்குநரே நேரில் வயலில் இறங்கி ஆய்வு செய்தார். பாதிப்பு இல்லை. ஐந்தில் முதல் இரண்டு உண்மை. மற்ற மூன்றும் பொய். நேற்று மாலை ஐந்தரைக்கு அது பொய் என்று அவருக்குத் தெரியாது. இல்லை, நான்காவது வாக்கியம் பொய் என்று நேற்றும் தெரியும். அதைப் படித்தபோது பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஒப்பம் போட்டது. அமைச்சர் இந்த அவையில் வாய்விட்டுப் படித்துவிட்டால் அது அவைக்குறிப்பில் ஏறிவிடும். ஏறிய பிறகு மாற்ற வேண்டுமானால் அமைச்சர் எழுந்து நின்று, அவைக்குத் தப்பான தகவல் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொன்ன அமைச்சர் எவரையும் அவர் தம் முப்பத்தைந்து வருட சர்வீஸில் பார்த்ததில்லை. நிவாரணப் பட்டியல் அந்த ஐந்து வாக்கியத்தோடு மூடிக்கொள்ளும். ஆலங்கரையில் ஐயாயிரத்து நூற்று ஆறு விவசாயிகள். ஒருவர் பெயரும் வராது. அமைச்சர் முதல் சீட்டைப் படித்துவிட்டார். விதைநெல் கையிருப்பு. சரியான எண்தான். ஆளும் பக்கத்தில் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் நாற்காலிக் கால் வழியாக ஏறி அவருடைய வலது காலுக்கு வந்தது. இடது காலுக்கு வரவில்லை. இடது காலுக்கு எதுவும் வருவதில்லை.

வலது கட்டைவிரல் நகக்கண்ணில் ஒரு பதர் குத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே இருக்கிறது. எடுக்க மனமில்லாமல் ஆள்காட்டி விரலால் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார். உள்ளே அரிசி இருந்தால் விரலுக்குத் தெரியும், விரல் பொய் சொல்லாது. இது அமுங்கியது. காலை எட்டு நாற்பதுக்கு அலுவலகத்தில் அவர் மேசைமேல் ஒரு மஞ்சள் பை இருந்தது, ராத்திரிப் பேருந்தில் போட்டு அனுப்பியிருந்தார்கள். பையில் இருபது கதிர்கள், வாழைநாரில் கட்டி, கூடவே கோடு போட்ட நோட்டுத்தாளில் நாலு வரி. அய்யா, நான் ஆலங்கரை தையல்நாயகி. வரப்புலேருந்து இருபது அடி உள்ளே போயி எடுத்தது. நீங்கதான் கணக்குல கெட்டின்னு சொன்னாங்க. எண்ணிப் பாத்துட்டு எழுதுங்க. கதவைச் சாத்திவிட்டு அவர் உட்கார்ந்தார். வெள்ளைக் காகிதத்தை விரித்து, முதல் கதிரை உருவி, ஒவ்வொரு மணியாக நசுக்கி, நிறைந்ததை இடது பக்கம், பதரை வலது பக்கம். அறைக்கு வெளியே யாரோ இரண்டு தடவை தட்டினார்கள். மூன்றாவது கதிரிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் அவர் நிறுத்தவில்லை, இருபது என்று வந்தால் இருபதும். பத்தே காலுக்கு முடிந்தது. மொத்தம் 2,684 மணி. பதர் 2,013. நூற்றுக்குச் சரியாக எழுபத்தைந்து. இவ்வளவு சரியாக வரக் கூடாதே என்று இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார், எழுபத்தைந்தேதான். மூன்றில் ஒரு பங்கு சேதம் இருந்தால் நிவாரணம். இங்கே நாலில் மூன்று பங்கு. அவர் எழுந்தபோது வலது பக்கத்துக் குவியல் மின்விசிறிக் காற்றில் பறந்து தரை முழுக்கச் சிதறியது, இடது பக்கத்துக் குவியல் அசையவில்லை. உடனே அமைச்சருடைய உதவியாளருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அவர் செய்யவில்லை. செய்திருக்கலாம். மூன்றாம் தடவை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் செய்யவில்லை என்று இப்போது, இரண்டாவது சீட்டை அமைச்சர் கையில் எடுக்கும்போது, அவருக்குத் தெரிகிறது.

இரண்டாவது யூரியா. அவர் நினைவு டிசம்பர் இருபத்திரண்டாம் தேதிக்குப் போனது. அன்றைக்கு மதியம் பன்னிரண்டரைக்கு ஆலங்கரையில் அமைச்சருடைய வேன் சாலை ஓரமாக நின்றது, பின்னால் பதினான்கு கார்கள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று ஊர் பாக்கி. "டைரக்டர் போய்ப் பார்த்துட்டு வரட்டும், நாம இறங்கினா லேட்டாயிடும்" என்று அமைச்சர் வேன் சன்னலிலிருந்தே சொன்னார். சாலையிலிருந்து வயலுக்குப் பதினேழு எட்டு. வரப்பு ஓரம் ஈரம் காய்ந்திருந்தது, உள்ளே சேறு. ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்து வெளியே வந்த பயிர், பார்வைக்குப் பச்சைப் பசேலென்று இருந்தது. தையல்நாயகி என்ற அந்த அம்மாள், ஐம்பது வயதிருக்கும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடுவயலில் நின்றிருந்தாள். "உள்ள வாங்கய்யா. அங்க நின்னா எல்லாம் நல்லாத்தான் தெரியும்." அவர் வரப்பில் நின்றார். "வாங்கய்யா, சேறு கடிக்காது." கூட நின்ற உள்ளூர் ஆட்கள் சிரித்தார்கள். வட்டார அதிகாரிகள் இரண்டு பேர் அவருக்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் இறங்கினால் இறங்குவதற்குத் தயாராக நின்றார்கள். இறங்க வேண்டும். ஷூவைக் கழற்ற வேண்டும், காலுறையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் இடது பாதம் எல்லார் கண்ணிலும் படும். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் சர்க்கரையினால் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் ஆறிவிட்டது, ஆனால் பாதத்தின் அடியில் ஒரு வெடிப்பு மூடவே இல்லை, மருத்துவர் சேற்றுத் தண்ணீர் என்ற சொல்லை எடுத்தாலே கையை ஆட்டி மறித்துவிடுவார். அந்த விடுமுறைக்கு அவர் எழுதிக்கொடுத்த காரணம், சொந்த வேலை. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேளாண்மைத் துறையின் தலைமை அதிகாரிக்கு வயலில் கால் வைக்க முடியாது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர் குனிந்தார். வரப்பில் நின்றபடியே கைக்கு எட்டின மூன்று கதிர்களை வளைத்தார். கிள்ளினார். மூன்றிலும் பால் வந்தது, வெள்ளையாக, கட்டைவிரலில் பிசுபிசுத்தது. "பால் பிடிச்சிருக்கு" என்றார். "அது வரப்போரம்யா" என்றாள் அந்த அம்மாள். அவள் குரல் உயரவில்லை. அவருக்குத் தெரியாததையா அவள் சொன்னாள்? வரப்போரத்து வரிசை மேடு, அங்கே தண்ணீர் முதலில் வடியும், காற்றும் வெயிலும் கூடக் கிடைக்கும், அங்கே எடுத்த கதிர் வயலின் கதை சொல்லாது, ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும். பதினோரு வருடம் பயிற்சி நிலையத்தில் அவர் பாடம் நடத்தியதே இதைத்தான். வருடத்துக்கு நாற்பது பேர் என்று வைத்தால் நானூற்று நாற்பது பேருக்கு. வரப்பில் நின்றுகொண்டு கதிரைக் கிள்ளிய ஒரு பையனை மூன்று தரம் சேற்றில் இறக்கி ஏற்றியிருக்கிறார். அந்தக் கோமதிநாயகம் பதினேழு எட்டு நடந்து சாலைக்குத் திரும்பிப் போய், வேன் சன்னல் அருகே நின்று, "பயிர் தெளிஞ்சிடுச்சு, சார்" என்றார். சன்னலுக்குள்ளிருந்து அமைச்சர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு அவர் ஷூவைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தாரா? பார்த்தார். இல்லை, அது இப்போது பயத்தில் தோன்றுவது. "அப்ப பிரச்சினை இல்ல" என்றார். வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு நடந்தது தானாகவே நடந்தது. இயக்குநர் தெளிந்துவிட்டது என்று வாயால் சொல்லிவிட்ட வட்டாரத்தில் எந்த உதவி அலுவலர் சேதம் என்று எழுதுவான்? ஒரு வயலில் அவர் சொன்னது, சாயங்காலத்துக்குள் ஒரு ஊருக்கு ஆயிற்று, வாரத்துக்குள் 4,312 எக்டேருக்கு ஆயிற்று. மூன்று கதிர். மூன்றே மூன்று.

"என்ன சார், இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஏசி பதினெட்டுல இருக்கு" என்று மூன்றாவது நாற்காலியிலிருந்து மெஹருன்னிசா கிசுகிசுத்தாள். புள்ளியியல் பிரிவு இணை இயக்குநர் அவள். ஏழாவது சீட்டைத் தட்டச்சு செய்யச் சொன்னவள் அவள்தான், அவள்மேல் தப்பில்லை, வந்த அறிக்கையைத்தான் சுருக்கினாள். "ஒண்ணுமில்லம்மா" என்றார். மூன்றாவது சீட்டு முடிந்துவிட்டதா? முடிந்துவிட்டது, நடுவில் அவர் கவனிக்கவே இல்லை, பதினொன்று நாற்பத்தொன்று, ஒரு சீட்டுக்கு மூன்று நிமிடம், அப்படியானால் ஏழாவது வருவதற்கு இன்னும் ஒன்பது நிமிடம். நான்காவது எலி. நல்ல வேளை, எலி. அமைச்சருக்கு எலி என்றால் வாய் அடங்காது. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, உறுப்பினர் எலிக்கு மருந்து கேட்டார். எலியெல்லாம் வெள்ளத்துல செத்துப்போச்சுன்னு நினைச்சோம். விசாரிச்சா, நீந்திக் கரையேறி நேரா அவங்க கட்சி ஆபீசுக்குப் போயிடுச்சாம்." ஆளும் பக்கம் அதிர்ந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மைக் இல்லாமலே கத்தினார்: "எங்க ஆபீசுல இடம் இல்லீங்க! உங்க பக்கத்துலேருந்து ஏற்கெனவே வந்ததே நிறைய!" இப்போது இரண்டு பக்கமும் சிரித்தது, பேரவைத் தலைவரும் சிரித்தார், மெஹருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரியுங்கள், இன்னும் சிரியுங்கள், மதியம் ஒரு மணி அடிக்கிற வரைக்கும் சிரித்தால் அவை உணவுக்குக் கலைந்துவிடும் என்று கோமதிநாயகம் தொடைமேல் விரல்களைக் கோத்துக்கொண்டார். இல்லாத சுண்டுவிரல் அரித்தது. அது இப்படித்தான், பயந்தால் அரிக்கும், சொறிய இடம் இருக்காது. சுயம்புலிங்கத்துக்கு எது அரித்திருக்கும்? கூடுதல் இயக்குநராக இருந்த சுயம்புலிங்கம், நல்ல மனிதர், மே முப்பத்தொன்று ஓய்வு, கூட்ட அறையில் நாற்பது நாற்காலி போட்டு, ரோஜா மாலை வாங்கி, லட்டுப் பெட்டி எழுபது வாங்கி, மாலை நாலு ஐம்பதுக்கு உறை வந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு விதைக் கோப்பு. தற்காலிகப் பணிநீக்கம். ஓய்வு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, விசாரணை முடிகிற வரைக்கும் அவர் வேலையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. உறையைப் படித்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார். மாலையை வைத்திருந்த டிரைவர் அதைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கூடவே இறங்கி, கடைசிப் படியில் வைத்துவிட்டான். லட்டுப் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. மறுநாள் எறும்பு. அந்த நாற்பது நாற்காலியில் பன்னிரண்டாவதில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார், எழுந்து பின்னாலேயே ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய ஓய்வு பிப்ரவரி இருபத்தெட்டு. இன்று ஜனவரி பன்னிரண்டு. இன்னும் நாற்பத்தேழு நாள். மனைவி செண்பகவல்லி நாள்காட்டியில் தினம் ஒரு கோடு போடுகிறாள். காலையில் பாதத்து வெடிப்புக்கு மருந்து வைத்துக் கட்டும்போதுகூட, "எங்கயும் எதையும் பேசிராதீய. நாப்பத்தேழு நாளு. பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க. நடக்கதுக்கு நாலு வெரலு போதும், ஆனா சேத்துல வச்சீயன்னா அந்த நாலும் போயிரும்" என்றாள். அவள் பேசும்போது கட்டை இறுக்கமாகப் போட்டுவிடுவாள். இப்போதும் இறுக்குகிறதா? தெரியவில்லை. ஷூவுக்குள் ஈரமாக இருக்கிறதா? ரத்தமா, வேர்வையா? குனிந்து பார்க்க முடியாது, அவையில் அதிகாரி குனிந்து ஷூவைத் தொட்டால் தொலைக்காட்சியில் அதுதான் வரும்.

ஐந்தாவது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. எலியால் நாலு நிமிடம் கிடைத்தது, அதையும் சுயம்புலிங்கம் தின்றுவிட்டார். சீட்டு எழுதலாம். அதிகாரிகள் வாய் திறக்கக் கூடாது, எழுதலாம், அதற்குத்தான் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் வெள்ளைத் துண்டுக் காகிதம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எழுதி முதல் நாற்காலியில் இருக்கும் செயலாளரிடம் கொடுக்க வேண்டும், செயலாளர் படித்து வெள்ளைச் சீருடைப் பணியாளரிடம் கொடுப்பார், பணியாளர் இருபத்தாறு எட்டு நடந்து அமைச்சரிடம் கொடுப்பார். என்ன எழுதுவது? ஆலங்கரை பற்றிய தகவல் மறுபரிசீலனையில் உள்ளது. அப்படி எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கதிர் வந்தது என்று சொல்லலாம். கதிர் வந்தது என்றால் அன்றைக்கு நீங்கள் இறங்கிப் பார்த்தீர்களே என்பார்கள். இறங்கிப் பார்த்தபோது பால் இருந்தது என்று சொல்லலாமே. சொல்லலாம். பொய்க்கு மேல் இன்னொரு பொய். பால் பிடித்த பயிர் மூன்று வாரத்தில் எப்படி நாலில் மூன்று பங்கு பதராகும்? புகையான் பூச்சி என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சி உண்டு. முப்பத்தைந்து வருடம் படித்த படிப்பு முழுக்க வந்து பொய்க்கு வரிசையாக நின்றது, அதைப் பார்த்து அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. எழுதாமலே இருந்துவிட்டால்? ஒன்றும் ஆகாது. அமைச்சர் படிப்பார், மேசையைத் தட்டுவார்கள், எட்டாவது சீட்டு வரும். நாற்பத்தேழு நாள் கழித்து மாலை, லட்டு. ஆலங்கரையில் அறுவடைக் காலம் வரும். அறுத்தால் கூலிக்குக்கூடக் காணாது, மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். தையல்நாயகி இருபது அடி உள்ளே போய் மறுபடி நிற்பாள். அந்த வயலில் இப்போது கதிரெல்லாம் மணியின் கனம் இல்லாமல், வளையாமல் நிமிர்ந்து நிற்கும், 4,312 எக்டேரிலும் நிமிர்ந்து நிற்கும், சாலையில் போகிற யாருக்கும் தெரியும், வேனிலிருந்துகூடத் தெரியும். ஆறாவது சீட்டை அமைச்சர் எடுத்துவிட்டார். விரிவாக்க மையக் கட்டடம், சின்னச் சீட்டு, ஒன்றரை நிமிடம்கூட வராது. கோமதிநாயகத்தின் கை துண்டுக் காகிதத்தை இழுத்தது. பச்சைப் பேனாவைத் திறந்தார். ஆலங்கரையில் பயிர் தெளியவில்லை, இன்று வந்த இருபது கதிரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பதர். அதோடு நிறுத்தியிருக்கலாம். கணக்குக் குறைகிற மாதிரி இருந்தது. கீழே எழுதினார்: அன்று நான் வயலில் இறங்கவில்லை. சுருக்கொப்பம் போட்டார். பேனாவை மூடினார்.

செயலாளர் நிவேதிதா அதை வாங்கிப் படித்தார். நாற்பத்தொரு வயது, எதையும் ஒரே முறைதான் படிப்பார். இதை இரண்டு முறை படித்தார்.

"டைரக்டர் சார், என்ன இது?" உதடு அசையாமல் கேட்டார்.

"உள்ளதுதான், மேடம்."

"இப்ப வந்து சொல்றீங்க?"

"காலையில பத்தே காலுக்குத்தான் எண்ணி முடிச்சேன்."

"எதை?"

"பதரை."

செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அமைச்சர் கட்டடத்துக்கு எத்தனை அறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது வரி எதுக்கு? யார் கேட்டாங்க உங்களை?"

"அது இல்லாம முதல் வரி நிக்காதுங்க மேடம்."

"நிக்கும்" என்றார் செயலாளர். காகிதத்தை மடித்து, நகத்தால் மடிப்பைத் தேய்த்து, சத்தம் வராமல் இரண்டாகக் கிழித்தார். முதல் வரி இருந்த துண்டைப் பணியாளரிடம் நீட்டினார். இரண்டாவது வரியும் பச்சை ஒப்பமும் இருந்த துண்டைத் தம் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினார். டப் என்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய அவையில் அந்தச் சத்தத்தைக் கோமதிநாயகம் ஒருவர்தான் கேட்டிருப்பார். அது அங்கே எத்தனை நாள் இருக்கும்? நாற்பத்தேழு நாள் இருக்குமா? நாற்பத்தேழாம் நாள் மாலை நாலு ஐம்பதுக்கு ஒரு உறைக்குள் போய் உட்காருமா, அல்லது செயலாளர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிடுவாரா? காப்பாற்றுகிறாரா, கையில் பிடித்து வைத்துக்கொள்கிறாரா? அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பணியாளர் நடந்தார். எட்டு, ஒன்பது. நடுவில் யாரோ ஓர் உறுப்பினர் அவரை நிறுத்தித் தண்ணீர் கேட்டார், பணியாளர் கையைக் காட்டிவிட்டு நடந்தார். பதினேழு. அன்றைக்கு வயலிலிருந்து சாலைக்கும் பதினேழு எட்டுதான். இருபத்தாறு. அமைச்சர் ஆறாவது சீட்டைக் கீழே வைத்து ஏழாவதை எடுத்துவிட்டார், "ஆலங்கரை உறுப்பினர்" என்று ஆரம்பித்தும்விட்டார், துண்டுச் சீட்டு அவர் கட்டைவிரலுக்கு அடியில் போய் நின்றது. அமைச்சர் குனிந்து அதைப் படித்தார். தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்தார், மறுபடி எடுத்து இன்னொரு வாய் குடித்தார். அவை சலசலத்தது. பரஞ்சோதி எழுந்து நின்றுவிட்டார், "என்ன, சீட்டு மாறிப்போச்சா?" என்றார். சிரிப்பு. அமைச்சர் நிமிர்ந்து, அவையைப் பார்க்காமல், தலைவரைப் பார்க்காமல், அதிகாரிகள் வரிசையைப் பார்த்தார். இரண்டாவது நாற்காலியை. எவ்வளவு நேரம்? எண்ண முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ண முடியவில்லை.

"ஆலங்கரையில பயிர் தெளிஞ்சிடுச்சுன்னு முதல்ல ஒரு தகவல் வந்துச்சு" என்றார் அமைச்சர், சீட்டு எதையும் பார்க்காமல். "ஆனா ஒரே தகவலை வச்சு விவசாயி வயித்துல கை வைக்கிற அரசு இல்ல இது." மேசைகள் அதிர்ந்தன. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு எங்க டைரக்டரே அங்க போவார். வரப்புல நிக்காம, நட்டநடு வயல்ல இறங்கி, மாண்புமிகு உறுப்பினரையும் பக்கத்துல வச்சிக்கிட்டு, கதிரை எடுத்து எண்ணுவார். எண்ணிக்கை என்ன சொல்லுதோ அதை இந்த அரசு குடுக்கும்."

வரப்பில் நிற்காமல். கோமதிநாயகத்தின் காதுக்குள் அந்தச் சொல் நின்றுவிட்டது. துண்டுச் சீட்டில் வரப்பு இல்லை. வயலில் இறங்கவில்லை என்ற பாதி கண்ணாடிக் கூட்டுக்குள் கிடக்கிறது. அப்படியானால் அமைச்சர் அன்றைக்கு வேன் சன்னலிலிருந்து பார்த்தது. சேறு படாத ஷூவைப் பார்த்தது உண்மைதான். அன்றைக்கே தெரியும், தெரிந்துகொண்டே, பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மேசைத் தட்டல் அடங்குவதற்குள் பரஞ்சோதி மறுபடி எழுந்தார். "சந்தோஷம்! ஆனா இந்தத் தடவையாவது உங்க டைரக்டரைப் பூட்ஸைக் கழட்டச் சொல்லுங்க! போன தடவை வெறும் ஷோதான்னு எங்க ஊருல பச்சப்புள்ளைகூடச் சொல்லுது!" சபை முழுக்கச் சிரித்தது. எலிக்குச் சிரித்ததைவிட நீளமாகச் சிரித்தது. மெஹருன்னிசா சிரிக்கவில்லை, அவர் பக்கம் திரும்பாமல் காகிதத்தை அடுக்கினாள். அவளுக்கும் தெரியும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மூன்று வாரமாக அவர் மறைத்துவைத்திருந்ததை அவரைத் தவிர எல்லாரும் வெளியே வைத்திருந்தார்கள். இங்கே யாருக்கும் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அது ஷூவுக்குள் இருந்தது. நாளை எட்டு மணிக்கு அதுவும் தெரிந்துவிடும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாமா? பூட்ஸ் போட்டு வயலில் இறங்கிய வேளாண்மை இயக்குநர் என்று படம் பிடிப்பார்கள், பரஞ்சோதி பக்கத்திலேயே நிற்பார். செண்பகவல்லியிடம் சொல்ல வேண்டும். அழுவாள், அழுதுகொண்டே பாதத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு வாழைநாரில் கட்டுவாள். சேறு எந்தக் கட்டுக்குள்ளும் போகும். வெடிப்புக்குள் போகும். நாலு விரல் மூன்றாகலாம். நாற்பத்தேழு நாளில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். இருபது அடி உள்ளே. ஒரு எட்டுக்கு இரண்டரை அடி என்றால் எட்டு எட்டு. சேற்றில் எட்டு சிறுக்கும், பத்து என்று வைத்துக்கொள்ளலாம். போக பத்து, வர பத்து. பயம் குறையவில்லை, ஆனால் இப்போது அதற்கு ஒரு எண்ணிக்கை இருந்தது. அவர் மேசைக்குக் கீழே கையை விட்டார். தொலைக்காட்சி எடுத்தால் எடுக்கட்டும். இடது ஷூவின் கயிற்றை இழுத்தார், முடிச்சு அவிழ்ந்தது, ஷூவைத் தள்ளினார், காலுறையை விரலால் சுருட்டி இறக்கினார். அமைச்சர் எட்டாவது சீட்டைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். சட்டசபைத் தரையின் குளிர் கட்டு மூடாத பாதத்தின் எந்த இடத்தில் தெரிகிறது, எந்த இடத்தில் தெரியவில்லை என்று கோமதிநாயகம் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தார். பெருவிரலில் கொஞ்சம் தெரிந்தது. அங்கேயிருந்து தொடங்கி விரல்களை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.